ஏலத்தோட்ட ஓடையில் ஒரு கிலோவாட்: இரண்டு மழைக்காலத்துப் பதிவு

போடிமெட்டிலிருந்து பூப்பாறைக்கு இறங்கும் சரிவில் எங்களுக்கு ஒரு சிறிய ஏலத்தோட்டம் இருக்கிறது. அதன் ஓடையில் பொருத்திய நீர்மின் இயந்திரம், ஆடி 9-ஆம் தேதி இரவு தொடங்கி இன்றோடு 40 நாளாக நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் மாட்டியிருக்கும் மீட்டர் இதை எழுதும் நேரத்தில் 240 வோல்ட், 4.2 ஆம்பியர் காட்டுகிறது. ஏறத்தாழ ஒரு கிலோவாட். ஒரு நாளைக்கு 24 யூனிட். இந்த எண்ணுக்கு வந்து சேர இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அதில் பாதிக்கும் மேற்பட்ட காலம் ஒரு ஒயரின் இடம் தவறியிருந்ததைக் கண்டுபிடிக்காமல் போனது. அதனால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

தோட்டத்துக்கு மின்கம்பம் இன்னும் வந்து சேரவில்லை. காய் எடுப்புக் காலத்தில் ஸ்டோரில் இரவு முழுக்க ஆள் இருந்து விறகு அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; அதற்கு வெளிச்சம் வேண்டும், இரண்டு தொழிலாளர் வீடுகளுக்கும் வெளிச்சம் வேண்டும். டீசலைக் கேன்களில் ஜீப்பில் ஏற்றி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கொண்டுவருவதுதான் அதுவரை வழியாக இருந்தது. ஓடையோ இடவப்பாதியில் (தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்தில்) தொடங்கி தை வரை இரைச்சலோடு ஓடுகிறது.

முதலில் அளந்தது தண்ணீரை. வெயில் உச்சத்தில், 2023 மார்ச்சில், ஓடையின் ஒரு சிறு பாறை விளிம்பில் களிமண்ணும் சாக்கும் வைத்துத் தண்ணீரை ஒரு தகர ஓட்டில் திருப்பி, 200 லிட்டர் டிரம்மில் விழவைத்து நேரம் பார்த்தேன். நிரம்ப 65 நொடி, அதாவது விநாடிக்கு 3 லிட்டர். ஆகஸ்டில் அதே இடத்தில் டிரம் 15 நொடிக்குள் வழிந்தது. வருடத்தில் எட்டு மாதம் விநாடிக்கு 5 லிட்டரைத் தாராளமாக எடுக்கலாம், கோடையில் பாதியைத்தான் எடுக்கலாம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. எடுக்கும் தண்ணீர் இயந்திரத்தைச் சுற்றிவிட்டு எங்கள் எல்லைக்குள்ளேயே மறுபடி ஓடையில் சேர்ந்துவிடும் என்றாலும், கீழே உள்ள இரண்டு தோட்டக்காரர்களையும் அழைத்துவந்து இடத்தைக் காட்டிய பிறகே வேலையைத் தொடங்கினேன்.

அடுத்தது உயரம். கைப்பேசியின் உயரமானியை நம்பி 60 மீட்டர் என்று குறித்துக்கொண்டது முதல் தவறு. மறுநாள் அதே பாறையில் நின்று பார்த்தபோது அது 52 என்றது. பிறகு கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப்பை வாங்கிவந்து, 20 மீட்டர் ஒளி ஊடுருவும் டியூப்பில் தண்ணீர் நிரப்பி, ஒன்றரை மீட்டர் குச்சியை அளவாக வைத்து, படிப்படியாக இறங்கி அளந்தேன். இரண்டு பேருக்கு ஒரு முழுக் காலை வேலை. ஓடைக்கரை வரை 51 மீட்டர் கிடைத்தது. ஆனால் இயந்திரத்தை ஓடைக்கரையில் வைக்க முடியாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று எங்கள் காவல்காரப் பெரியவருக்குத் தெரியும். அவர் ஒரு பாறையின் இடுப்பளவில் கையை வைத்து, "இதுக்கு மேல வைங்க தம்பி, இல்லாட்டி அடுத்த வெள்ளத்துல அது கொச்சிக்குப் போயிரும்" என்றார். 3 மீட்டரை விட்டுக்கொடுத்து, 48 மீட்டர் உயரத்தோடு மெஷின் ஷெட்டுக்கு இடம் குறித்தோம்.

விநாடிக்கு 5 லிட்டர், 48 மீட்டர்: இரண்டையும் பெருக்கி 9.81-ஆல் பெருக்கினால் தண்ணீரில் உள்ள மொத்த ஆற்றல் 2,350 வாட். இந்த அளவில் கைவேலையாகச் செய்யும் இயந்திரத்தில் அதில் நாற்பது, நாற்பத்தைந்து விழுக்காடு கம்பியில் வந்தால் நல்ல வேலை. மூணாறு தாண்டி, பள்ளிவாசலில் 1940 முதல் ஓடும், கேரளத்தின் முதல் நீர்மின் நிலையத்திலும் எங்களுடையதைப் போலப் பெல்டன் சக்கரம்தான் சுற்றுகிறது. அந்தப் பழைய நிலையத்தின் திறன் 37.5 மெகாவாட், எங்களுடையது ஒரு கிலோவாட். வேலை செய்யும் விதத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை: உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் நாசிலில் பீய்ச்சாகி, சக்கரத்தைச் சுற்றியிருக்கும் இரட்டைக் கிண்ணங்களில் மோதி, வந்த திசைக்கே ஏறக்குறையத் திரும்பிப் போகிறது, அப்படித் திரும்பும்போது தன் வேகத்தைச் சக்கரத்திடம் விட்டுவிடுகிறது.

தண்ணீர் எடுக்கும் இடத்தில் உயரமாகத் தடுப்பு கட்டவில்லை. முழங்கால் உயரத்துக்குக் கல்லும் சிமெண்டும் வைத்து, பக்கத்தில் ஒரு தொட்டி மட்டும் கட்டினோம். தொட்டியின் வாயில் கொசுவலைக் கம்பியை நேராக நிறுத்தியது இரண்டாவது தவறு. சில்வர் ஓக் இலை இரண்டு மணி நேரத்தில் அதை முழுக்க அடைத்துவிடும். பிறகு 2 மி.மீ. துளையுள்ள எவர்சில்வர் தகட்டை, தண்ணீர் அதன் மேல் வழிந்து போகும்படி சரிவாகப் படுக்க வைத்தோம். தேவையான தண்ணீர் துளைகளில் இறங்கிவிடுகிறது, மிச்சத் தண்ணீர் இலைகளை அடித்துக்கொண்டு ஓடைக்கே போய்விடுகிறது. இப்போது மூன்று நாளைக்கு ஒருமுறை கையால் துடைத்தால் போதும். அங்கிருந்து தண்ணீர் 500 லிட்டர் பிளாஸ்டிக் டேங்குக்கு வந்து, மணல் அடியில் தங்கிய பின் குழாயில் இறங்குகிறது.

குழாய் விஷயத்தில் செய்த தவறுதான் பண அளவில் பெரியது. பாசனத்துக்கு வாங்கிய 63 மி.மீ. எச்.டி.பி.இ. (கெட்டிப் பிளாஸ்டிக்) குழாய் கைவசம் இருந்ததால், டேங்கிலிருந்து ஷெட் வரை உள்ள 180 மீட்டருக்கும் அதையே இழுத்தேன். ஷெட்டில் 650 ரூபாய்க்கு வாங்கிய பிரஷர் கேஜைப் பொருத்தி, வால்வு மூடியிருக்கும்போது பார்த்தால் சதுர செ.மீ.க்கு 4.8 கிலோ. பத்து மீட்டருக்கு ஒரு கிலோ என்ற கணக்குப்படி 48 மீட்டர் அப்படியே காட்டியதில் மகிழ்ச்சி தாங்கவில்லை. வால்வைத் திறந்ததும் முள் 3.8-க்கு இறங்கி அங்கேயே நின்றது. பத்து மீட்டர் உயரத்தைக் குழாயின் உராய்வே தின்றுவிட்டது. இதை நான் அன்றைக்கே பொருட்படுத்தியிருக்க வேண்டும். "ஓடுகிறதே, போதும்" என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அதே வாரத்தில் பால் வால்வை ஒரே திருப்பாகத் திருப்பி மூடியதில், ஓடிவந்த தண்ணீர் முழுதும் முட்டி நின்று, கீழிருந்து மூன்றாவது இணைப்பு துப்பாக்கி வெடித்த சத்தத்தோடு கழன்றது. அன்றே பால் வால்வைக் கழற்றிவிட்டுக் கேட் வால்வு போட்டேன். அதை மூட இருபது திருப்பு வேண்டும். அந்த மெதுவான மூடல்தான் குழாய்க்குப் பாதுகாப்பு.

சக்கரத்துக்குக் கோயம்புத்தூரில் ஒரு சிறு வார்ப்பகத்தில் கன்மெட்டலில் 18 கிண்ணங்கள் வார்த்து வாங்கினேன். மரத்தில் மாதிரி செதுக்கியது உட்பட 9,800 ரூபாய். போடியில் ஒரு லேத் பட்டறையில் நடுத்தட்டைக் கடைந்து, கிண்ணங்களைப் போல்ட் வைத்துப் பூட்டி, எதிரெதிர்க் கிண்ணங்களின் எடையைச் சமன் செய்ய 3,600. பீய்ச்சு மோதும் வட்டத்தின் விட்டம் 170 மி.மீ. கிண்ணத்தின் வேகம் பீய்ச்சின் வேகத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்தால்தான் சக்தி அதிகம் கிடைக்கும். 46 மீட்டர் அழுத்தத்துக்கும், நிமிடத்துக்கு 1,560 சுற்றுக்கும் இந்த விட்டம் பொருந்துகிறது. பித்தளையில் 15 மி.மீ. துளையுடன் ஒரு நாசிலும், கோடைக்கு 10 மி.மீ. துளையுடன் இன்னொன்றும் கடைந்தோம்.

நாசிலை நேர்செய்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே கண்ணை நம்பினால் ஏமாற்றம்தான். லேத்தில் மெருகு போட்ட 15 மி.மீ. இரும்புக் கம்பி ஒன்றை நாசில் துளைக்குள் வெளியிலிருந்து நுழைத்தேன். அது பீய்ச்சு போகப்போகும் பாதையில் அசையாமல் நீட்டி நின்றது. சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி ஒவ்வொரு கிண்ணமாக எதிரே கொண்டுவந்தால், கம்பியின் முனை அந்த இரட்டைக் கிண்ணத்தின் இரு பாதிகளுக்கும் நடுவே உள்ள கத்தி விளிம்பைத் தொட வேண்டும். முதலில் அது 4 மி.மீ. இடப்பக்கம் விலகித் தொட்டது. சக்கரம் பூட்டிய மோட்டாரின் காலுக்கு அடியில் தகட்டுத் துண்டுகள் வைத்து, போல்ட் துளைகளை அரத்தால் நீளமாக்கி, ஒரு பகல் முழுக்கச் செலவிட்டுப் பதினெட்டுக் கிண்ணங்களிலும் அரை மி.மீ.க்குள் கொண்டுவந்தேன். இந்த ஒரு வேலையை மட்டும் மறுபடி செய்ய வேண்டி வரவில்லை.

ஜெனரேட்டராகப் பயன்படுவது பழைய 2 எச்.பி. மூன்று பேஸ் மோட்டார். தேனியில் பழைய சாமான் கடையில் 4,200 ரூபாய். சக்கரம் அதன் தண்டிலேயே நேராகப் பூட்டப்பட்டிருக்கிறது, பெல்ட் கிடையாது. சாதாரண மோட்டாரின் தண்டை அதன் இயல்பான, நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு மேல் வெளியிலிருந்து சுற்றி, காந்தப்புலத்துக்கு வேண்டிய மின்னோட்டத்தைக் கண்டென்சர்கள் கொடுத்தால், அதுவே மின்சாரத்தை வெளியே தள்ளும். மோட்டாருக்குள் மூன்று கம்பிச் சுற்றுகளின் ஒரு முனையை ஒன்றாக முடிச்சிட்ட ஸ்டார் இணைப்பு இருந்ததால் வெளியே மூன்று முனைதான் வந்தது. அப்படியே ஓட்டினால் 415 வோல்ட். உள்ளே இருந்த முடிச்சைப் பிரித்து ஆறு முனைகளையும் வெளியே எடுத்து, முக்கோணம் போல, டெல்டாவாகக் கட்டினால் 240 வோல்ட் கிடைக்கும். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் தம்பி 800 ரூபாய்க்கு அதைச் செய்துகொடுத்தார்.

மூன்று பேஸ் மோட்டாரிலிருந்து வீட்டுக்கு வேண்டிய ஒற்றைப் பேஸை எடுக்க ஒரு வழி உண்டு. டெல்டாவின் ஒரு பக்கத்தில் 25 மைக்ரோஃபாரட் கண்டென்சர், அதே பக்கத்தில்தான் வீட்டு லோடு. இன்னொரு பக்கத்தில் அதன் இரு மடங்கு, 50. மூன்றாவது பக்கம் வெறுமை. இரண்டும் மோட்டார் ஓடும்போது எந்நேரமும் இணைப்பில் இருக்கும் வகை, 440 வோல்ட் தாங்குபவை. ஸ்டார்ட் கண்டென்சரை மலிவு என்று வாங்கிவிடக் கூடாது. சில நொடி மட்டுமே தாங்கும்படி செய்யப்பட்ட அது தொடர்ந்து ஓடினால் வெடிக்கும். மோட்டாரை நிறுத்திய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், தொடும் முன் ஒரு 100 வாட் குண்டு பல்பின் ஒயர்களை அதன் முனைகளில் வைத்து இறக்கிவிடுவது எங்கள் ஷெட்டில் மாறாத வழக்கம்.

2023 ஆகஸ்ட் இறுதியில் முதன்முதலாகத் தண்ணீரைத் திறந்தோம். சக்கரம் சீறிக்கொண்டு சுற்றியது. மீட்டரில் 3 வோல்ட். இரும்பில் இருந்த பழைய காந்தம் மங்கிப்போயிருந்தது. சக்கரத்தை நிறுத்தி, ஜீப்பின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மோட்டாரின் ஒரு கம்பிச் சுற்றுக்கு நான்கு நொடி மின்சாரம் கொடுத்து, மறுபடி திறந்தோம். முள் 5-இல் தயங்கி நின்றது, 20, பிறகு ஒரே தாவலில் 230. லோடுக்காகத் தண்ணீர் டிரம்மில் போட்டிருந்த ஹீட்டர் காயிலில் குமிழி வரத் தொடங்கியதும் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

பதினாறாம் நாள் மோட்டார் புகைந்தது. கழற்றிப் பார்த்தால் முன்பக்க 6205 பேரிங்கில் தண்ணீர், துரு. சுற்றில் ஒரு பேஸ் கறுத்திருந்தது. தண்ணீர் உள்ளே போனதுதான் காரணம் என்று நானும் சுற்றிக்கொடுத்த தம்பியும் முடிவுகட்டினோம், அது நம்பும்படியாகவும் இருந்தது. மறுபடி சுற்ற 2,600 ரூபாய், பேரிங்குக்கு 240. தண்டில், சக்கரத்துக்குப் பின்னால், லாரி டியூப் ரப்பரில் வெட்டிய வட்டத் தட்டு ஒன்றை இறுக்கமாக மாட்டினேன். தண்டு வழியாக வரும் தண்ணீரை அது சுழற்றி வெளியே எறிந்துவிடும். அந்த வேலை சரியாகவே அமைந்தது, பேரிங்கில் அதன் பிறகு ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. ஆனாலும் மோட்டார் சூடாகிக்கொண்டே இருந்தது. 600 வாட்டுக்கு மேல் லோடு கொடுத்தால் அரை மணி நேரத்தில் உடம்பில் உள்ளங்கையை மூன்று எண்ணும் வரைகூட வைக்க முடியவில்லை. எரிந்துவிடும் என்ற அச்சத்தில் அந்த மழைக்காலம் முழுக்க நான்கு பல்போடு ஓட்டினேன்.

அடுத்த ஆண்டு சித்திரையில் 1,850 ரூபாய்க்கு, ஒயரைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டர் வாங்கினேன். இதை முதலிலேயே வாங்கியிருந்தால் ஓராண்டு மிஞ்சியிருக்கும். ஆறு முனைகளும் வெளியே இருந்ததால் ஒவ்வொரு சுற்றிலும் ஓடும் மின்னோட்டத்தைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. மோட்டாரின் பெயர்த்தகட்டில் எழுதியிருப்பது 3.4 ஆம்பியர். முதல் சுற்றில் 1.6, இரண்டாவதில் 2.3, மூன்றாவதில் 5.2. நான் மீட்டரை எடுத்து மறுபடி வைத்தேன், மறுபடியும் 5.2. அன்று எரிந்ததும் அதே சுற்றுதான். சுற்றும் தம்பிக்கு அங்கிருந்தே போன் செய்து எண்களைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணே, அந்த அம்பது கண்டென்சரோட ஒரு ஒயரை மட்டும் மத்த மூலைக்கு மாத்திப் பாருங்க. சக்கரம் சுத்துற பக்கத்துக்குத் தக்கன அது இருக்கணும்" என்றார்.

மாற்றினேன். ஒரு ஒயர், ஒரு நட். 50 மைக்ரோஃபாரட் அதுவரை காலியாக இருந்த பக்கத்துக்கு வந்தது, அதுவரை அது இருந்த பக்கம் காலியாயிற்று. அதே தண்ணீர், அதே லோடு. மூன்று சுற்றிலும் 2.7, 2.6, 2.9. ஒரு மணி நேரம் கழித்து மோட்டாரில் கை வைத்தால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். டெல்டாவில் மூன்று பேஸும் எந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்பது தண்டு சுற்றும் திசையைப் பொறுத்தது. இரு மடங்குக் கண்டென்சர் அந்த வரிசைக்கு ஏற்ற பக்கத்தில் இருந்தால் ஒற்றைப் பேஸ் லோடு மூன்று சுற்றுகளுக்கும் சமமாகப் பகிரப்படும், எதிர்ப்பக்கத்தில் இருந்தால் ஒரு சுற்றின் தலையில் விழும். சக்கரத்தை எதிர்த்திசையில் சுற்றினாலும் சரியாகியிருக்கும். ஆனால் பெல்டன் கிண்ணம் ஒரு பக்கம்தான் சுற்றும்.

இதன் பிறகுதான் குழாயின் கடன் நினைவுக்கு வந்தது. லோடு ஏற்றினால், 50 இருக்க வேண்டிய ஃப்ரீக்வென்சி 46-க்கு இறங்கியதற்கு, கேஜில் தொலைந்த ஒரு கிலோதான் காரணம்: 46 மீட்டருக்கென்று கடைந்த சக்கரத்தை 38 மீட்டரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். 2024 ஜூனில் 90 மி.மீ. குழாய் போட்டோம். மேல் 120 மீட்டருக்கு 6 கிலோ தாங்கும் ரகம், கீழ் 60 மீட்டருக்கு 8 கிலோ ரகம். சூடாக்கி ஒட்டும் மெஷின் வாடகையும் சேர்த்து 41,500 ரூபாய். 63 மி.மீ. குழாய் பாசனத்துக்கே திரும்பியது. வால்வைத் திறந்தபோது முள் 4.8-இலிருந்து 4.6-க்கு மட்டும் இறங்கியது. ஃப்ரீக்வென்சி 51. வாட் 720-இலிருந்து 1,030-க்கு ஏறியது.

லோடு குறையும்போதெல்லாம் சக்கரம் வேகமெடுத்து வோல்டேஜ் ஏறிவிடும் என்பதால் ஒரு லோடு கன்ட்ரோலர் அவசியம். வீடுகளில் விளக்கு அணைந்தால் அந்த மிச்சத்தை அது ஹீட்டர் காயிலுக்குத் திருப்பிவிடும்; இயந்திரத்துக்கு எப்போதும் ஒரே பாரம். காயில்களைத் தண்ணீர் டிரம்மில் போட்டிருக்கிறேன். குழாயிலிருந்து விரல் தடிமன் ட்யூப்பில் தண்ணீர் விழுந்துகொண்டே இருப்பதால் டிரம் வற்றுவதில்லை, தொழிலாளர்களுக்குக் குளிக்க வெந்நீரும் கிடைக்கிறது. கன்ட்ரோலரே பழுதாகிவிட்டால் என்ன செய்வது என்ற கவலைக்கு, நாசிலுக்கு முன்னால் கீல் வைத்த ஒரு இரும்புத் தகட்டைப் பொருத்தினேன். கயிற்றை இழுத்தால் தகடு விழுந்து பீய்ச்சைக் கிண்ணத்திலிருந்து விலக்கிவிடும். வால்வைத் தொடாமலே சக்கரம் நிற்கும், குழாயும் அதிராது. துண்டு இரும்பில் செய்த அதற்கு வெல்டிங் கூலி தவிரச் செலவில்லை.

ஷெட்டிலிருந்து ஸ்டோருக்கு 160 மீட்டர். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் பத்து வோல்ட் வழியிலேயே போய்விடும் என்று கணக்கு வந்ததால், 10 சதுர மி.மீ. அலுமினிய ஒயர் எடுத்தேன். இழப்பு நான்கு வோல்ட். செலவைக் கூட்டினால்: குழாய் 41,500, சக்கரம், மோட்டார், கண்டென்சர், நாசில், இரும்புப் பெட்டி எல்லாம் 25,200, கன்ட்ரோலரும் காயில்களும் 12,800, ஒயர் 9,600, ஓடைத் தொட்டியும் டேங்கும் 8,900, இரண்டு மீட்டர்கள் 2,500. ஆக 1,00,500 ரூபாய். எங்கள் கூலியும், எரிந்த மோட்டாருக்கும் பேரிங்குக்கும் ஆன 2,840-உம் இதில் சேரவில்லை.

இன்னொரு முறை செய்தால், கேஜும் கிளாம்ப் மீட்டரும் கைக்கு வந்த பிறகே மோட்டாரைத் தேடிப் போவேன். கேஜ் முள்ளின் இறக்கத்தைப் பார்த்துத்தான் குழாயை முடிவு செய்வேன். மோட்டாரைப் படுக்க வைக்காமல், தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் பேரிங்குக்கு ஏறுவது இன்னும் கடினம். பெட்டியின் அமைப்பு மட்டும் மாறும்.

முடியாத வேலை ஒன்று உண்டு. ஸ்டோரில் சூட்டுக் காற்றைத் தள்ளும் அரை எச்.பி. புளோயரை இந்த மின்சாரத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்தோம். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் பல மடங்கு மின்னோட்டத்தைத் தாங்காமல் வோல்டேஜ் சரிந்து பூஜ்யமாயிற்று, காந்தமும் போய்விட்டது. மறுபடி ஜீப் பேட்டரியைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. புளோயர் இன்னும் டீசலில்தான் ஓடுகிறது. மெதுவாக வேகமெடுக்க வைக்கும் டிரைவ் ஒன்றையும் அதற்கேற்ற மூன்று பேஸ் மோட்டாரையும் மாட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அதை ஐப்பசிக்குள் முடித்துவிட வேண்டும். மாசியில் 10 மி.மீ. நாசிலுக்கு மாறினால், கணக்குப்படி 390 வாட் அளவில்தான் கிடைக்கும். சோதனைக்கு அது போதாது.